ஒரு மாடுகூட மேயாத புல்வெளி

2003-ல் எங்கள் வீட்டுக்கு முதல் கம்ப்யூட்டர் வந்தது. பாகங்களைத் தனித்தனியாக வாங்கி நானே கோர்த்தது. சின்னமனூர் பக்கத்தில் இருக்கும் எங்கள் வீட்டு ஹாலில் அதை வைத்து, விண்டோஸ் எக்ஸ்பி போட்டு, ஆன் பண்ணினேன். திரையில் அந்தப் பச்சை மேடும் நீல வானமும் வந்தது. அப்பா கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே இருந்தார்.

"இது எந்த ஊருடா?"

"தெரியலப்பா. கம்ப்யூட்டர்லயே வர்ற படம்."

"இம்புட்டு புல்லு கெடக்கு. ஒரு மாடுகூட மேயக் காணோம்?"

சிரித்துவிட்டேன். கம்ப்யூட்டரைப் பார்த்து ஒரு சம்சாரி கேட்கிற கேள்வியைப் பாரு என்றுதான் அப்போது தோன்றியது. அது எவ்வளவு சரியான கேள்வி என்று புரிய எனக்கு இருபது வருஷம் ஆச்சு. இந்தக் கட்டுரை அந்தக் கேள்விக்கான பதில். கூடவே, பயணத்தில் நாம் இயற்கைக் காட்சி என்று எடுத்துத் தள்ளும் படங்களைப் பற்றிய ஒரு விமர்சனமும். முதல் குற்றவாளி நான்தான், அதையும் சொல்லிவிடுகிறேன்.

படம் எடுத்த கதை

அந்தப் படத்தின் பெயர் 'பிளிஸ்'. பேரானந்தம் என்று சொல்லலாம். எடுத்தவர் சார்லஸ் ஓ'ரியர். நேஷனல் ஜியாக்ரஃபிக் பத்திரிகைக்காக 25 வருஷம் வேலை செய்தவர். 1996 ஜனவரியில் ஒரு நாள், கலிஃபோர்னியாவின் நாப்பா பள்ளத்தாக்கிலிருந்து, பின்னாளில் தன் மனைவியான தோழியைப் பார்க்கக் காரில் போய்க்கொண்டிருந்தார். சொனோமா கவுன்ட்டியில் நெடுஞ்சாலை ஓரத்தில் இந்த மேடு. மழை பெய்து ஓய்ந்திருந்த நேரம். வண்டியை நிறுத்தினார், எடுத்தார், கிளம்பிவிட்டார்.

கேமரா மமியா ஆர்இசட்67. 6×7 சென்டிமீட்டர் அளவுக்குப் படச்சுருளில் பதிவாகும் பெரிய கேமரா அது. ஃபிலிம், ஃபியூஜியின் வெல்வியா. 1990-ல் சந்தைக்கு வந்த இந்த ஃபிலிம், பச்சையையும் நீலத்தையும் தூக்கிக் காட்டுவதற்குப் பேர் போனது. கம்ப்யூட்டரில் எதையும் மாற்றவில்லை என்று ஓ'ரியர் திரும்பத் திரும்பச் சொல்லியிருக்கிறார். அதை நம்புகிறேன். மாற்றத் தேவையே இருந்திருக்காது. மாற்றுகிற வேலையை ஃபிலிமே ஓரளவு செய்து கொடுத்துவிடும்.

படத்தை, தான் சேர்ந்து தொடங்கிய வெஸ்ட்லைட் என்ற பட நிறுவனம் வழியாக விற்பனைக்கு வைத்தார். 1998-ல் வெஸ்ட்லைட்டை, பில் கேட்ஸின் இன்னொரு நிறுவனமான கார்பிஸ் வாங்கியது. அப்புறம் மைக்ரோசாஃப்ட் இந்தப் படத்தின் முழு உரிமையையும் வாங்கிக்கொண்டது. விலையை வெளியே சொல்லக் கூடாது என்பது ஒப்பந்தம். மூலப் படத்தை அனுப்பலாம் என்றால், அவ்வளவு மதிப்புள்ள பொருளைக் கொண்டுபோகக் கூரியர்காரர்கள் ஒத்துக்கொள்ளவில்லை. கடைசியில் விமான டிக்கெட் எடுத்துக் கொடுத்து அவரையே கையில் கொண்டுவரச் சொன்னார்கள்.

2001 அக்டோபரில் எக்ஸ்பி வெளிவந்தது. அதன்பிறகு உலகத்தில் அதிகம் பேர் பார்த்த புகைப்படம் இதுதான் என்று பலரும் எழுதிவிட்டார்கள். அதை அளந்து சொல்ல வழி கிடையாது. ஆனால் என் வயதுக்காரர்கள் ஒருவர்கூட இதைப் பார்க்காமல் தப்பித்திருக்க முடியாது. கல்லூரி லேப், இன்டர்நெட் சென்டர், ரயில்வே முன்பதிவு கவுன்டர், பத்திரப்பதிவு அலுவலகம், எங்கே போனாலும் அதே மேடுதான்.

எதனால் நன்றாக இருக்கிறது?

திட்டுவதற்கு முன்னால் நியாயமாகப் பார்த்துவிடுவோம். படம் நல்ல படம்தான்.

கீழே பச்சை, மேலே நீலம், நடுவில் நேர்க்கோடாக இல்லாமல் மெதுவாகச் சரியும் ஒரு வளைவு. புல்மேல் மேகத்தின் நிழல் திட்டுத்திட்டாக விழுந்திருக்கிறது. அந்த நிழல் மட்டும் இல்லையென்றால் மேடு வெறும் பச்சைக் காகிதம் மாதிரி தட்டையாக இருந்திருக்கும். பின்னால் தூரத்தில் மங்கலாக ஒரு மலைத்தொடர். அவ்வளவுதான். பாதை கிடையாது, வேலி கிடையாது, மின்கம்பம் கிடையாது, மரம்கூட கிடையாது.

கம்ப்யூட்டர் பின்னணிப் படத்துக்கு இந்த வெறுமை அவசியம். மேலே ஐகான்கள் உட்கார வேண்டும், அவற்றின் பெயரைப் படிக்க முடிய வேண்டும். நடுவில் ஒரு முகமோ மரமோ இருந்தால் கண் அங்கே போய்விடும். எக்ஸ்பியின் நீலப் பட்டைக்கும் பச்சை ஸ்டார்ட் பொத்தானுக்கும் இந்த நிறங்கள் அப்படியே பொருந்தின. வடிவமைப்புக் கோணத்தில் பார்த்தால் இது கச்சிதமான தேர்வு.

இன்னொரு சங்கதி. இது எந்த ஊர் என்று படத்தில் எந்த அடையாளமும் இல்லை. எக்ஸ்பியின் டச்சு மொழிப் பதிப்பில் இந்தப் படத்துக்கு அயர்லாந்து என்றே பெயர் வைத்திருந்தார்கள்! எடுத்த இடத்துக்கும் அயர்லாந்துக்கும் நடுவில் ஒரு கண்டமும் ஒரு சமுத்திரமும் இருக்கிறது. யாரும் கண்டுபிடிக்கவில்லை, ஏனென்றால் கண்டுபிடிக்கப் படத்தில் ஒன்றுமே இல்லை. ஊட்டி என்று பெயர் வைத்திருந்தாலும் நாம் ஒத்துக்கொண்டிருப்போம்.

புல் எப்படி வந்தது?

இப்போது அப்பாவின் கேள்விக்கு வருவோம். நாப்பா, சொனோமா இரண்டும் அமெரிக்காவின் திராட்சை தேசம். ஏக்கர் விலை எகிறிக்கிடக்கும் ஒயின் பூமி. அங்கே சாலையோரத்தில், நல்ல சரிவில், அவ்வளவு நிலம் ஏன் சும்மா புல் மண்டிக் கிடந்தது?

காரணம் ஒரு பூச்சி. பெயர் ஃபில்லாக்ஸெரா. அசுவினிக்குச் சொந்தக்காரப் பூச்சி, கண்ணுக்குச் சரியாகத் தெரியாது. திராட்சை வேரில் உட்கார்ந்து சாற்றை உறிஞ்சும். வேர் அழுகிக் கொடி செத்துப்போகும். பூர்வீகம் வட அமெரிக்காவின் கிழக்குப் பகுதி. அங்கிருக்கும் காட்டுத் திராட்சைகளுக்கு இதைத் தாங்கிக்கொள்ளும் சக்தி உண்டு. 1860-களில் இது பிரான்ஸுக்குப் போனது. ஐரோப்பியத் திராட்சைக்கு அந்தச் சக்தி இல்லாததால் தோட்டம் தோட்டமாகச் செத்தது. கடைசியில் அவர்கள் கண்டுபிடித்த வைத்தியம் ஒட்டுக் கட்டுவது. கீழே அமெரிக்க வேர், மேலே ஐரோப்பியக் கொடி. இன்றைக்கும் உலகத்தின் பெரும்பாலான ஒயின் தோட்டங்கள் இப்படித்தான் நிற்கின்றன.

கலிஃபோர்னியாவில் இதற்காக ஏஎக்ஸ்ஆர்1 என்ற வேர் ரகத்தைப் பரவலாக நட்டார்கள். டேவிஸில் இருக்கும் கலிஃபோர்னியாப் பல்கலைக்கழகம் சிபாரிசு செய்த ரகம் அது. மகசூல் பிரமாதம். ஆனால் அது ஒரு கலப்பு. அதன் பெற்றோரில் ஒன்று ஐரோப்பியத் திராட்சை, அதனால் எதிர்ப்புச் சக்தி பாதிதான். வேறு நாடுகளில் ஏற்கெனவே தோற்றுப்போன ரகமும்கூட. 1980-களில் பூச்சி அதையும் தின்ன ஆரம்பித்தது. எல்லாரும் ஒரே வேரில் நட்டிருந்ததால் நாப்பாவிலும் சொனோமாவிலும் ஆயிரக்கணக்கான ஏக்கரைப் பிடுங்கி மறுபடி நட வேண்டியதாயிற்று. என் தொழிலில் இருப்பவர்களுக்கு இது பழகின கதை. எல்லா நிறுவனமும் ஒரே லைப்ரரியை நம்பி மென்பொருள் கட்டியிருக்கும். ஒரு நாள் அதில் ஓட்டை என்று செய்தி வரும். அன்று ராத்திரி யாருக்கும் தூக்கம் இருக்காது.

ஓ'ரியர் படம் எடுத்த மேடும் அப்படிக் கொடி பிடுங்கப்பட்ட நிலம்தான். பிடுங்கின இடத்தில் புல் வளர்ந்திருந்தது. அதோடு, அந்தப் பகுதியில் மழை குளிர்காலத்தில்தான். ஜனவரியில் குன்றுகள் எல்லாம் பச்சையாக இருக்கும், கோடையில் காய்ந்து வைக்கோல் நிறத்துக்கு வந்துவிடும். ஆக, இந்தக் காட்சிக்கு இரண்டு பொருத்தங்கள் கூடிவர வேண்டியிருந்தது. ஒன்று பூச்சி, இன்னொன்று பருவம்.

2006-ல் கோல்டின், சென்னபி என்ற ஸ்வீடன் கலைஞர் இணை அதே இடத்துக்குப் போய் அதே கோணத்தில் ஒரு படம் எடுத்தது. மேடு முழுக்க வரிசை வரிசையாகத் திராட்சை. பச்சை மங்கிக் கிடந்தது, வானமும் சுமார்தான். பார்த்தவர்களில் பலருக்கு ஏமாற்றம், 'அழகு போச்சே' என்று. யோசித்துப் பாருங்கள், நோய் தீர்ந்து தோட்டம் திரும்பி வந்திருக்கிறது, நமக்கு அது ஏமாற்றமாக இருக்கிறது.

கண்ணாடியில் பார்த்த மலை

இதற்கெல்லாம் ஒரே ஒரு படம்தான் காரணம் என்று சொன்னால் அது அநியாயம். இந்த நோய் பழசு.

18-ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தில் காட்சி பார்க்கப் பயணம் போவது வசதியானவர்கள் மத்தியில் பெரிய மோகம். அவர்கள் கையில் 'க்ளாட் கண்ணாடி' என்று ஒன்று இருந்தது. க்ளாட் லோரேன் என்ற ஓவியரின் பெயரால் வந்தது. கருமை பூசின, லேசாகப் புடைத்த சின்னக் கண்ணாடி. அதில் தெரியும் காட்சி அவருடைய ஓவியம் மாதிரி மங்கின நிறத்தில், ஒரு சட்டத்துக்குள் அடங்கித் தெரியும். இன்றைய ஃபில்டர் மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள். வேடிக்கை என்னவென்றால், கண்ணாடியில் பார்க்க வேண்டும் என்றால் காட்சிக்கு முதுகைக் காட்டி நிற்க வேண்டும். 1769-ல் ஏரி மாவட்டத்துக்குப் போன கவிஞர் தாமஸ் கிரே, கண்ணாடியும் கையுமாகப் போய்ச் சேற்றுப் பாதையில் மல்லாக்க விழுந்து விரல் முட்டியைப் பெயர்த்துக்கொண்டார். செல்ஃபி எடுக்கப்போய் விழுகிறவர்களுக்கு முன்னோடி.

1778-ல் தாமஸ் வெஸ்ட் என்பவர் அதே ஏரிகளுக்கு ஒரு கையேடு போட்டார். எந்தெந்த இடத்தில் நின்று பார்க்க வேண்டும் என்று குறித்தே கொடுத்தார். நம் மலைப்பாதைகளில் இருக்கும் 'வியூ பாயின்ட்' பலகைகளுக்கு அதுதான் பாட்டன். 1920-களில் அமெரிக்கச் சாலைகளில், இதோ படம் எடுக்கும் இடம் வருகிறது என்று கோடாக் கம்பெனி பலகையே நட்டது. எங்கே நிற்க வேண்டும், எதைப் பார்க்க வேண்டும் என்று நமக்காக வேறு யாரோ முடிவு பண்ணுவது இருநூற்று ஐம்பது வருஷப் பழக்கம். இன்றைக்கு அந்த வேலையை போன் செய்கிறது. வானம் எது, இலை எது என்று மென்பொருளே பிரித்துக்கொண்டு, இரண்டையும் தனித்தனியாக மெருகேற்றிக் கொடுத்துவிடுகிறது. அதாவது பொத்தானை அமுக்குவதற்கு முன்பே பாதி 'பிளிஸ்' ஆகிவிடுகிறது.

மேகமலையில் நான் செய்தது

போன வருஷம் குடும்பத்தோடு மேகமலை போனோம். சின்னமனூரிலிருந்து 18 கொண்டை ஊசி வளைவு. மேலே போனால் தேயிலை, நடுவில் ஏரி. ஒரு திருப்பத்தில் வண்டியை நிறுத்தச் சொல்லி இறங்கினேன். சரிவு முழுக்கப் பச்சைக் கம்பளம், மேலே சுத்தமான நீலம். எல்லாம் சரியாக இருந்தது, சரிவின் நடுவில் கொழுந்து எடுத்துக்கொண்டிருந்த நாலு பெண்களைத் தவிர. மழைக்குப் போடும் பிளாஸ்டிக் தாளை இடுப்பில் கட்டியிருந்தார்கள். மஞ்சளும் நீலமுமாக அது படத்தில் துருத்திக்கொண்டு தெரிந்தது.

"அக்கா, ஒரு நிமிஷம் அந்தப் பக்கம் தள்ளிக்கிறீங்களா? படம் எடுத்துக்கிறேன்."

அவர்கள் தள்ளிப் போனார்கள். முகம் சுளிக்கவில்லை. பழகியிருக்கும். படம் பிரமாதமாக வந்தது, குடும்ப வாட்ஸ்அப் குழுவில் இதயமாகக் குவிந்தது.

அன்று ராத்திரி அந்தப் படத்தை மறுபடி பார்த்தபோதுதான் உறைத்தது. இதை எங்கேயோ பார்த்திருக்கிறேன். வளைவு, பச்சை, நீலம், யாரும் இல்லாத மேடு. ஆயிரக்கணக்கான மணி நேரம் பார்த்த அந்தத் திரையைத்தான் நான் மேகமலையில் தேடியிருக்கிறேன். கிடைக்காதபோது ஆளை விலக்கி உண்டாக்கியிருக்கிறேன்.

ஓ'ரியர் யாரையும் விலகச் சொல்லவில்லை. அவர் போனபோது அங்கே உண்மையிலேயே யாரும் இல்லை. நான் எடுத்த சரிவிலோ, அந்தக் கம்பளத்தை உண்டாக்கினவர்களே அந்த நாலு பேரும் அவர்களுக்கு முந்தின தலைமுறைகளும்தான். தேயிலை செடியே இல்லை, விட்டால் மரமாக வளரும். கவாத்து பண்ணிப் பண்ணி, வாரம் பத்து நாளுக்கு ஒருமுறை கொழுந்து எடுத்து எடுத்துத்தான் அதை இடுப்பளவில் சமமாக நிறுத்தி வைக்கிறார்கள். நமக்கு அழகாகத் தெரியும் அந்தச் சீரான மட்டம் முழுக்கக் கை உழைப்பு. அதற்கும் முன்னால் அது மழைக்காடு. அதை வெட்டித்தான் தேயிலை வந்தது. ஒரு மர வேலைக்காரரிடம், உங்க நாற்காலி நல்லா இருக்கு, நீங்க கொஞ்சம் வெளியே போங்க, நான் ரசிச்சுக்கிறேன் என்று சொல்வது போலத்தான் நான் செய்ததும்.

எல்லாப் படத்திலும் எல்லாமும் இருக்கணுமா என்று கேட்கலாம். வேண்டாம். எதையாவது விடாமல் படமே எடுக்க முடியாது. காட்சியை மட்டும் எடுப்பதும் பாவம் இல்லை. என் வாதம் அதைவிடச் சின்னது. ஓ'ரியர் அந்த வட்டாரத்துக்காரர். நாப்பாவில் குடியிருந்தவர், ஒயின் தோட்டங்களை வருஷக்கணக்காகப் படம் எடுத்தவர். அந்தச் சாலை அவருக்கு வழக்கமான சாலை, ஜனவரியில் அது எப்படிப் பச்சையாகும் என்று தெரிந்தவர். அந்தப் படம் உள்ளூர்க்காரர் ஒருவருக்கு ஒரு நாள் வாய்த்தது. நாம் அதையே பயணப் படத்துக்கு அளவுகோலாக வைத்துக்கொண்டு, பத்து நிமிஷம் இறங்கி நிற்கும் ஊரில் தேடுகிறோம். கிடைக்காது. கிடைக்க வேண்டும் என்றால் எதையாவது விலக்க வேண்டும், இல்லையென்றால் நிறத்தை ஏற்ற வேண்டும்.

என் போனில் 'காட்சி' என்று நான் எடுத்து வைத்திருந்த படங்களில் நானூற்றுச் சொச்சத்தை ஒருநாள் உட்கார்ந்து பார்த்தேன். போன் குறித்து வைத்திருக்கும் இடத்தை மறைத்துக்கொண்டு, எந்த ஊர் என்று சொல்ல முயன்றேன். பாதிக்கு மேல் தெரியவில்லை. மூணாறா, வால்பாறையா, குன்னூரா? தெரிந்த படங்களில் எல்லாம் ஏதாவது ஒரு 'குறை' இருந்தது. ஓரத்தில் ஒரு டீக்கடை போர்டு, லைன் வீட்டு ஓட்டுக்கூரை, காயப்போட்ட துணி, என் மகளின் குடை. எதைக் கெடுதல் என்று நினைத்தேனோ அதை வைத்துத்தான் ஊரையே அடையாளம் கண்டுபிடித்திருக்கிறேன்.

இப்போது ஒரு பழக்கம் வைத்திருக்கிறேன். காட்சியை ஒன்று எடுப்பேன், அப்படியே திரும்பி முதுகுப் பக்கம் இருப்பதையும் ஒன்று எடுப்பேன். பெரும்பாலும் கார் நிறுத்தம், சோளம் சுடுகிற வண்டி, நம்மைப் போலவே போனை நீட்டி நிற்கும் முப்பது பேர். கலையாக ஒன்றும் தேறாது. ஆனால் எந்த ஊர் என்று தெரிகிறது.

அப்பாவிடம் சொன்னபோது

இந்தப் பொங்கலுக்கு ஊருக்குப் போனபோது அப்பாவிடம் கதையை முழுக்கச் சொன்னேன். 2003-ல் கேட்டது அவருக்கு ஞாபகம் இல்லை. ஆனால் வேர்ப் பூச்சி என்றதும் நிமிர்ந்து உட்கார்ந்தார். எங்கள் கம்பம் பள்ளத்தாக்கு பன்னீர் திராட்சைக்குப் பேர் போனது, அவரும் பந்தல் போட்டுத் திராட்சை வைத்தவர். வேரில் நூற்புழு விழுந்தால் என்ன ஆகும் என்று பார்த்தவர்.

"அப்ப அது தரிசுடா. கொடியப் பிடுங்கிப்புட்டு, அடுத்த நடவுக்குப் போட்டு வச்சிருக்கான். தரிசையா நீ இத்தன வருசம் படம்னு வச்சிருந்த?"

"மறுபடி நட்டுட்டாங்கப்பா."

"படம் இருக்கா?"

2006-ல் எடுத்ததைக் காட்டினேன். எல்லாரும் அழகு போச்சு என்று சொன்ன அந்த மங்கல் படம். போனை வாங்கி, கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு, விரலால் பெரிதாக்கிப் பார்த்தார். இருபது வருஷத்துக்கு முன்னால் அந்தப் பச்சை மேட்டைப் பார்த்ததைவிட ரொம்ப நேரம் பார்த்தார்.

"பந்தல் இல்லையே. கம்பி இழுத்துக் கட்டியிருக்கான். வரிசைக்கு வரிசை எத்தன அடி விட்டிருப்பான்?"

எனக்குத் தெரியவில்லை என்றேன். அவர் வரிசைகளை எண்ண ஆரம்பித்திருந்தார்.